டிராப் சுட, கைக்கு அடங்குற விலையில ஓவர்-அண்டர்: எதைப் பாத்து வாங்கணும்?

மார்த்தாண்டம்_மேற்கு

எல்லாருக்கும் வணக்கம். 12 போர் உரிமம் இருக்கு. வீட்டுல உள்ளது இச்சாப்பூர் தொழிற்சாலையில செஞ்ச பக்கவாட்டு இரட்டைக்குழல். டிராப் (எந்திரம் வீசுற களிமண் தட்டைச் சுடுற போட்டி) பழக செகண்ட் ஹேண்டில் ஓவர்-அண்டர் (ஒரு குழல் மேல இன்னொரு குழல் உள்ளது) ஒண்ணு தேடுறேன். பாக்கக் கிடைச்சது மூணு: ரஷ்ய பைக்கால் ஐஜே-27, துருக்கியில செஞ்ச மல்டி-சோக் (ரவை விரியுற அளவைக் கட்டுப்படுத்த குழல் நுனியில உள்ள குறுகலான சோக்கைக் கழற்றி மாற்றலாம்) ஒண்ணு, 30 அங்குலக் குழல் உள்ள பழைய பெரெட்டா 686 ஸ்போர்ட்டர். விலையும் இதே வரிசையில ஏறுது. உயரம் 165 செ.மீ., வலது கை. பெரெட்டாவுக்குக் குடுக்குற கூடுதல் காசு தகுமா? இல்ல, உள்ள துப்பாக்கியையே வச்சு ஓட்டிரலாமா?

வேளிமலை

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். பக்கவாட்டுக் குழலால தட்டு உடையும். ஆனா அதை வச்சு டிராப் பழகுறது உடம்புக்கும் கண்ணுக்கும் வீண் பாடு.

எடையைப் பாருங்க. பக்கவாட்டு இரட்டைக்குழல் பலதும் 3 கிலோ சுற்றுல இருக்கும், நாள் முழுக்கத் தூக்கி நடக்கச் செஞ்சது. டிராப் துப்பாக்கி 3.5 முதல் 3.9 கிலோ. 24 கிராம் தோட்டாவை 3.6 கிலோ துப்பாக்கியில சுட்டா தோளுக்கு வர்ற உதை ஏறக்குறைய 21 ஜூல். 3 கிலோ துப்பாக்கியில 32 கிராம் போட்டா ஏறக்குறைய 40. ஒரு ரவுண்டுக்கு 25 தட்டு, தட்டுக்கு ரெண்டு சூடு வரைக்கும் உண்டு. மூணாவது ரவுண்டுலயே தோள் சுருங்க ஆரம்பிக்கும், கண்ணு மூட ஆரம்பிக்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கிட்டா விடுவிக்க மாசக்கணக்கா ஆகும்.

அடுத்தது குழல் இருக்கும் இடம். ஓவர்-அண்டர்ல முதல் சூடு கீழ்க்குழல்ல போகுது. கீழ்க்குழல் தோளோட கோட்டுக்குக் கிட்ட இருக்கதால உதை நேரா பின்னால வருது, குழலோட மூக்கு அதிகமா எழும்பாது. ரெண்டாவது சூட்டுக்குத் தட்டு கண்ணை விட்டுப் போகாது. பக்கவாட்டுல ஒவ்வொரு குழலும் அதது பக்கத்துக்கு இழுக்கும். ஓவர்-அண்டர்ல பார்வைக்கும் ஒற்றைக் குழலோட அகலம்தான் முன்னால நிக்கும், தட்டுக்கு அடியில மறைப்பு குறைவு.

ஒரு எச்சரிக்கை. பழைய இரட்டைக்குழல்ல சேம்பர் (தோட்டா உக்காரும் அறை) 65 மி.மீ.யா 70 மி.மீ.யான்னு குழலோட அடித்தட்டையில பாத்துக்கிடுங்க. தோட்டாப் பெட்டியில போட்டிருக்கும் 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிஞ்ச நீளம். சுடாத தோட்டா அதை விடக் குட்டையா இருக்கதால 65 சேம்பர்ல சிக்காம உள்ள போயிரும். சுடும்போது விரியுற வாய்க்கு இடமில்லாம குறுகின கூம்புல நெருக்கும், அழுத்தம் ஏறும். "உள்ள போகுதே" என்பது பொருந்துதுன்னு அர்த்தம் ஆகாது.

அபுதாபி_வடசேரி

மூணுல பெரெட்டாதான், துப்பாக்கி நல்ல நிலையில இருந்தா. காரணம் சொல்லுகேன்.

686-ல குழல் தொங்குறது ரெண்டு பக்கமும் உள்ள குட்டி முளையில. பூட்டு, மேல்குழலோட ரெண்டு பக்கத்துலயும் வந்து சேரும் ரெண்டு கூம்புத் தண்டு. குழலுக்கு அடியில பெரிய கொக்கி இல்லாததால, பூட்டும் விசையும் உள்ள நடு உலோகப் பாகமான ஆக்‌ஷன் உயரம் குறைவு, கை குழலுக்குக் கிட்ட இருக்கும். தேஞ்சா அந்த முளையைக் கழற்றி ஒரு அளவு பெரிசு போடலாம். பெரெட்டாவே அப்படி அளவு அளவா முளையும் பூட்டும் செய்யுது. பழைய துப்பாக்கியை மறுபடி இறுக்குறதுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

பிரவுனிங், மிரோக்கு கிடைச்சாலும் விடாதீங்க. ரெண்டும் ஒரே வம்சம். 1931-ல சந்தைக்கு வந்த பிரவுனிங் சூப்பர்போஸ்டோட அமைப்பு: முழு அகலத்துக்கும் ஒரே குறுக்குத் தண்டு, கீழ்க்குழலுக்கு அடியில அகலமான பூட்டு. அந்தப் பூட்டு சரிவா வெட்டினது, தேயத் தேய இன்னும் உள்ள போய் தன்னால இறுகும். ஆக்‌ஷன் கொஞ்சம் ஆழம், ஆனா ஆயுசு நீளம். மிரோக்கு செய்யிற ஊர் ஜப்பான்ல கொச்சி மாகாணம். நம்ம பக்கத்துக் கொச்சின்னு நினைச்சு யாராவது "கேரளத் துப்பாக்கி"ன்னு சொன்னா திருத்திருங்க.

பைக்கால் ஐஜே-27 இரும்பு மாதிரி நிக்கும். குழல் உள்ள குரோம் பூசினது, நம்ம ஊர் ஈரத்துக்கு அது பெரிய உதவி. குறை என்னன்னா விசை கனம், ஆக்‌ஷன் முரடு, தோள்ல வைக்கும் மரக்கட்டை கீழ வளைஞ்சது. சோக் பெரும்பாலும் 0.5 மி.மீ.யும் 1.0 மி.மீ.யும் குறுகலா, மாற்ற முடியாம நிலையா வெட்டினது. டிராப்புக்கு அந்தச் சோக் மோசம் இல்ல.

துருக்கி விஷயத்துல ஒரே ஒரு கேள்வி: ஃபயரிங் பின் (தோட்டாவோட அடியில குத்துற ஊசி) ஒடிஞ்சா மாற்றுப் பின் எங்க கிடைக்கும்? துருக்கியில நல்ல துப்பாக்கியும் வருது, ஒரே தொழிற்சாலை நாலஞ்சு பேருல விக்கவும் செய்யுது. பாகம் கிடைக்காட்டா சின்ன ஸ்பிரிங் ஒண்ணுக்காகச் சீசன் முழுக்க பெட்டிக்குள்ள கிடக்கும். இந்தியாவுல தனி ஆளு புதுசா இறக்குமதி செய்ய வழி இல்ல. தகுதி பெற்ற வீரர்களுக்குத்தான் தேசிய ரைஃபிள் சங்கம் வழியா கதவு திறக்கும். அதனால பாகமும் அதே கஷ்டத்தோட தான் வரும்.

தக்கலை_12போர்

அண்ணாச்சி சொன்னது சரி. ஆனா "நல்ல நிலையில இருந்தா"ன்னு ஒரே வார்த்தையில கடந்துட்டாங்க. பேரைப் பாத்து வாங்கி ஏமாறுறது அங்கதான். கடையில வச்சே பாக்க வேண்டியது இது. துப்பாக்கி காலியான்னு பாத்துட்டு ஆரம்பிங்க.

முன்கட்டையைக் கழற்றுங்க. குழலை மூடி, பிடியைப் பிடிச்சு லேசா பக்கவாட்டுல ஆட்டுங்க. முன்கட்டை மாட்டியிருந்தா அதோட ஸ்பிரிங் தளர்ச்சியை மறைச்சிரும், அதனாலதான் கழற்றணும். கிளிக் கிளிக்னு சத்தம் வந்தா முளை தேஞ்சிருக்கு. அப்படியே வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சு, குழலுக்கும் ஆக்‌ஷன் முகத்துக்கும் நடுவுல கீத்து தெரியுதான்னு பாருங்க. தெரியக் கூடாது.

மேல் நெம்புகோல் எங்க நிக்குதுன்னு பாருங்க. புதுத் துப்பாக்கியில நடுக்கோட்டுக்கு வலது பக்கம் நிக்கும். நடுவுக்கு வந்திருந்தா நிறைய சுட்டது. இடது பக்கம் தாண்டியிருந்தா பூட்டு வேலை பாக்கி இருக்கு, விலையில கழிச்சுக் கேளுங்க. இது பிரவுனிங், மிரோக்குல நல்லா வாசிக்க வரும்.

அடுத்தது குழலைத் தனியா எடுத்து, ஒரு விரல்லயோ கயித்துலயோ தொங்கவிட்டு விரல் முட்டியால தட்டுங்க. மணி மாதிரி நீண்டு ஒலிக்கணும். கிர்ருனு அதிர்ந்தாலோ மொத்தையா அடங்கினாலோ ரெண்டு குழலையும் சேர்க்கும் பட்டையிலயோ மேல் ரிப்புலயோ (குழல் மேல நீளமா ஓடுற குறிப்பட்டை) ஈயப்பற்று விட்டிருக்கு. அந்த இடுக்குல தண்ணி போகும், உள்ளேயே துரு பிடிக்கும். மறுபடி பற்றவைக்கிறது இங்க நல்லா செய்ய ஆள் கிடைக்கிற வேலை இல்ல. அந்தத் துப்பாக்கியை வைங்க, வந்திருங்க.

குழலுக்குள்ள பாக்கும்போது வெளிச்சம் வளையம் வளையமா விழும். வளையம் எங்கயாவது உடைஞ்சோ வீங்கியோ தெரிஞ்சா அங்க பள்ளமோ புடைப்போ இருக்கு. வெளியில விரலை ஓட்டியும் தடவிப் பாருங்க. சேம்பருக்கு முன்னால உள்ள கூம்புல கறுப்புப் புள்ளி இருந்தா முதல்ல துடைக்கச் சொல்லுங்க. பிளாஸ்டிக் படிவா இருந்தா போயிரும், துருக்குழியா இருந்தா நிக்கும்.

விசை: ஒற்றை விசைன்னா அது உதையால மாறுறதா, தன்னால மாறுறதான்னு கேளுங்க. 686-ல உதை வேணும். முதல் சூட்டோட அதிர்வுதான் ரெண்டாவது குழலுக்கு விசையை மாற்றும். டம்மித் தோட்டா போட்டு ஒரு முறை விசையை இழுங்க, அடிக்கட்டையை உள்ளங்கையால பலமா தட்டுங்க, மறுபடி இழுங்க. ரெண்டாவது கிளிக் கேக்கணும். இதே காரணத்தாலதான் கனத்த துப்பாக்கியில மெலிஞ்ச தோட்டா போட்டா எப்பவாவது ரெண்டாவது குழல் பேசாம நிக்கும். பலரும் உடைசல்னு நினைச்சுக் கழற்றிப் பாப்பாங்க; துப்பாக்கியைத் தோள்ல தளர்வாப் பிடிச்சாலும் அதே மாதிரி வரும்.

ரெண்டு குழலையும் டம்மியோட இழுத்துட்டு விரிங்க. ரெண்டு டம்மியும் ஒரே நேரத்துல, ஒரே தூரத்துக்குத் தெறிக்கணும். ஒண்ணு முந்திப் போனா எஜெக்டர் (தோட்டாவை வெளிய தள்ளுற பாகம்) நேரம் தப்பியிருக்கு. சரி செய்யக்கூடிய குறைதான், விலை பேச உதவும்.

மார்த்தாண்டம்_மேற்கு

ரொம்ப நன்றி அண்ணே. பெரெட்டாவுல முன்கட்டை கழற்றி ஆட்டினா ஆட்டம் இல்ல. ஆனா அது மல்டி-சோக். டிராப்புக்கு நிலையான 3/4, ஃபுல் சோக் உள்ளதுதான் வேணும்னு ஒருத்தர் சொன்னாரு. உண்மையா?

வேளிமலை

டிராப் ஒண்ணுதான் சுடப்போறீங்கன்னா நிலையான சோக் எனக்குப் பிடிக்கும். கழற்ற ஒண்ணும் இல்ல, துரு பிடிக்க நூல் இல்ல, மூக்குல எடை குறைவு. ஒலிம்பிக் டிராப்ல சுடுறவர், தட்டு வீசுற எந்திரம் உள்ள குழிக்கு 15 மீட்டர் பின்னால நிக்கிறார், தட்டு விலகி ஓடுது, முதல் சூடே 30 மீட்டருக்கு மேலதான் சேரும். அங்க 3/4, ஃபுல் தான் வேலை செய்யும்.

அபுதாபி_வடசேரி

அண்ணே, அது போட்டிக்குப் போறவங்களுக்கு. புதுக்கோட்டைக்காரர் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக் டிராப்ல நின்னவர். அந்த மட்டத்துல தட்டுக்கு ஏத்த துப்பாக்கியைத் தேடலாம். பழக ஆரம்பிக்கிறவர் ஸ்கீட்டும் (தட்டு குறுக்கா பறக்குற இன்னொரு போட்டி) ஒரு நாள் நின்னு பாப்பாரு. ஸ்கீட் தட்டு ஏறக்குறைய 20 மீட்டருக்குள்ள உடையுது. அங்க ஃபுல் சோக் போட்டா ரவை போதுமான அளவு விரியாம நெருக்கமா போகும். ஒரே துப்பாக்கிதான் வாங்க முடியும்னா மல்டி-சோக் தான் கணக்கு.

எண்ணாச் சொன்னா: 12 போர் குழலோட உள்விட்டம் பெயரளவுக்கு 18.5 மி.மீ. மூக்குல 0.25 மி.மீ. குறுகினா 1/4, 0.5 குறுகினா 1/2, 0.75-க்கு 3/4, 1 மி.மீ. குறுகினா ஃபுல். புதுசாப் பழகுறவருக்கு டிராப்புல கீழ்க்குழல் 1/2, மேல்குழல் 3/4 போட்டுக் குடுங்க. அகலம் கொஞ்சம் கூடும், தட்டு உடையும், நம்பிக்கை வரும்.

வேளிமலை

1/2-ம் 3/4-ம் சரிதான், அதுல சண்டை இல்ல. மல்டி-சோக் வச்சா ஒரு கட்டாயம்: 25 தட்டுக்கு ஒரு தடவை சோக் இறுக்கமா இருக்கான்னு சாவியால தொட்டுப் பாக்கணும். தளர்ந்து ஒரு நூல் வெளிய வந்தா ரவை அதோட விளிம்புல இடிக்கும், குழல் மூக்கே வீங்கிப் போகும். சோக் இல்லாம வெறும் நூலோட ஒரு தோட்டா கூடச் சுடாதீங்க.

சோக்கு மேல எழுதினதை நம்பவும் வேண்டாம். காகிதத்துல சுட்டுப் பாருங்க. 36 மீட்டர்ல ஒரு பெரிய காகிதம், ரவை அடர்ந்த இடத்தை நடுவா வச்சு 75 செ.மீ. வட்டம். 2.4 மி.மீ. ரவை 24 கிராம்ல ஏறக்குறைய 300 இருக்கும். வட்டத்துக்குள்ள 60 சதவீதம் விழுந்தா அது 1/2, 70 விழுந்தா ஃபுல். ஒவ்வொரு குழலுக்கும் அஞ்சு காகிதம், சராசரி எடுங்க. தோட்டா மாறினா இந்தக் கணக்கும் மாறும்.

குளச்சல்_உப்புக்காத்து

எல்லாரும் பூட்டையும் சோக்கையும் பேசுறீங்க. நம்ம மாவட்டத்துல துப்பாக்கியைக் கொல்லுறது உப்புக்காத்தும் ரெண்டு மழையுமாக்கும். ஜூன்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் ஈரம் விடாது. கடற்கரையில இருந்து ரெண்டு மூணு கிலோமீட்டருக்குள்ள வீடு இருந்தா, கையால தொட்ட இடம் மறுநாள் காலையில செம்மண் நிறத்துல நிக்கும்.

உள்ள குரோம் பூசியிருந்தாலும் வெளிய கருநீலப் பூச்சு தான். அது துருவைத் தடுக்காது, எண்ணெயைப் பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். சுட்டு வந்த அன்னைக்கே துடைக்கணும். ரிப்போட ஓட்டைகளுக்குள்ள கைவிரல் போகாது, பழைய பல் பிரஷ்ல எண்ணெய் தொட்டு ஓட்டுங்க. சோக்கைக் கழற்றி, நூலைத் துடைச்சு, சிக்காம இருக்கும் கிரீஸ் ஒரு பொட்டு வச்சு மாட்டுங்க. மழைக்காலம் முழுக்க கழற்றாத சோக் பிறகு சாவிக்கு அசையாது.

தேங்காயெண்ணெய் போடாதீங்க. வீட்டுல கைக்கு எட்டுற எண்ணெய் அதுதான், எனக்கும் தெரியும். நாள்பட்டா பிசினா இறுகி ஃபயரிங் பின்னோட ஓட்டத்தைப் பிடிச்சிரும். தையல் மிஷின் எண்ணெய் போதும். முளைக்கும் முன்கட்டை உரசும் இடத்துக்கும் எண்ணெய் போதாது, கிரீஸ் வேணும்.

எண்ணெய் அதிகமானாலும் கேடு. நிமித்தி வச்சா எண்ணெய் வழிஞ்சு கட்டையோட தலைக்குள்ள ஊறும், மரம் மெதுவாகி ஒரு நாள் பிளக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது ஆக்‌ஷன் கட்டையைச் சந்திக்கும் இடம் கறுத்துப் போயிருக்கான்னு பாருங்க. துணி உறைக்குள்ள வச்சுப் பூட்டாதீங்க. உறை ஈரத்தைக் குடிச்சு வச்சிக்கும். உறை பயணத்துக்கு மட்டும்.

தேர்தல் அறிவிச்சா உரிமத் துப்பாக்கியை ஸ்டேஷன்லயோ அங்கீகாரமுள்ள கடையிலயோ ஒப்படைக்கச் சொல்லுவாங்க. வாரக்கணக்கா அங்க கிடக்கும், யாரும் துடைக்க மாட்டாங்க. ஒப்படைக்குறதுக்கு முந்தின நாள் குழல் உள்ளும் புறமும் கெட்டியா எண்ணெய் பூசி, நம்பரையும் கீறலையும் போட்டோ எடுத்து வச்சுட்டுக் குடுங்க. ரசீதுல குழல் நம்பர் சரியா எழுதியிருக்கான்னு நின்னு பாத்து வாங்குங்க.

தக்கலை_12போர்

அக்கா சொன்னதோட தோட்டாவையும் சேர்த்துக்கிடுங்க. ஈரம் குடிச்ச தோட்டாவுல மருந்து அரைகுறையா எரியும். "டப்"னு மெல்லிசா சத்தம் வந்து உதையே இல்லாட்டா, அடுத்த விசையை இழுக்காதீங்க. மூக்கைப் பாதுகாப்பான திசையில வச்சுக் கொஞ்ச நேரம் நிறுத்தி, விரிச்சு, ரெண்டு குழலும் வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. உள்ளே வாட் (மருந்துக்கும் ரவைக்கும் நடுவுல உள்ள அடைப்பு) சிக்கியிருந்து மேல சுட்டா குழல் பிளக்கும்.

அதே மாதிரி 20 போர் தோட்டா ஒண்ணு கூட 12 போர் பையில இருக்கக் கூடாது. அது 12 போர் சேம்பர்ல வழுக்கி உள்ள போய் கூம்புல உக்காரும். பின்னால 12 போட்டு மூட முடியும், சுட்டா வெடிக்கும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம்னு வச்சிருக்கதே அதுக்குத்தான்.

தோட்டா வாங்கும்போது பெட்டியில ரவை எடை பாருங்க. டிராப்புக்கும் ஸ்கீட்டுக்கும் சர்வதேச விதி 24 கிராம் தான், ரவை 2.6 மி.மீ.க்கு மேல போகக் கூடாது. காவலுக்கும் வேட்டைக்கும் செஞ்ச கனத்த தோட்டாவை வச்சுப் பழகினா உதை மட்டும்தான் மிச்சம். உரிமத்துல ஒரே நேரத்துல எத்தனை தோட்டா வச்சுக்கலாம், வருஷத்துக்கு எத்தனைன்னு எழுதியிருக்கும். 50-ன்னு இருந்தா ஒரு ரவுண்டோட முடிஞ்சிரும். பழக ஆரம்பிக்குறதுக்கு முன்னாலயே அதைக் கூட்ட மனு குடுங்க.

அபுதாபி_வடசேரி

உரிமம் பத்தி ரெண்டு வரி. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருத்தருக்கு ரெண்டு துப்பாக்கி தான், உரிமம் 5 வருஷத்துக்கு. வீட்டுல உள்ளதும் இதும் சேர்ந்தா கணக்கு முடிஞ்சுது. உரிமக்காரர் ஒருத்தர்கிட்ட இருந்து நேரா வாங்கினா, விக்கிறவர் கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்துல தெரிவிச்சு 45 நாள் கழிஞ்சாத்தான் கை மாறணும். அந்த 45 நாளுக்குள்ள முழுக்காசு குடுக்காதீங்க. குழல், ஆக்‌ஷன், முன்கட்டை மூணுலயும் உள்ள நம்பர் ஒண்ணா இருக்கா, அது அவர் உரிமத்துல உள்ள நம்பர் தானான்னு ஒத்துப் பாருங்க. முன்கட்டை நம்பர் வேறயா இருந்தா வேற துப்பாக்கியோட பாகத்தை மாட்டியிருக்காங்க.

சுடுறது ரேஞ்சுல மட்டும். ரப்பர் தோட்டம் காலியாத்தானே கிடக்குன்னு யாரும் நினைச்சிராதீங்க. 2.4 மி.மீ. ரவை 200 மீட்டருக்கு மேல பறக்கும். நம்ம மாவட்டத்துல 200 மீட்டருக்கு ஒரு வீடு இல்லாத இடம் எங்க இருக்கு?

மார்த்தாண்டம்_மேற்கு

பெரெட்டாவையே பேசுறேன். நம்பர் மூணும் ஒண்ணு. கடைசியா ஒண்ணு: விசையில இருந்து கட்டை அடி வரைக்கும் 375 மி.மீ. இருக்கு. தோள்ல வச்சா கன்னத்துக்கு எட்டலை, சட்டையில மாட்டுது. கட்டையை வெட்டிரலாமா?

வேளிமலை

உடனே வெட்டாதீங்க. 165 செ.மீ. ஆளுக்கு 350-க்கும் 360-க்கும் நடுவுல எங்கயோ நிக்கும், ஆனா உயரத்தை வச்சு மட்டும் வெட்டக் கூடாது. கழுத்து நீளம், தோள் அகலம், நிக்கிற விதம் எல்லாம் சேரும். தோள்ல வச்சு கன்னம் பதிச்சா, உங்க மூக்கு நுனிக்கும் பிடியில உள்ள கட்டைவிரலுக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி வேணும். இடைவெளி இல்லாட்டா கட்டை குட்டை, விரல் மூக்குல இடிக்கும். மூணு நாலு விரல் இருந்தா நீளம்.

முதல்ல பின்னால உள்ள ரப்பர் அட்டையைக் கழற்றிப் பாருங்க. 25 மி.மீ. கனத்த அட்டை போட்டிருந்தா 15 மி.மீ. அட்டையா மாற்றுங்க, மரத்தைத் தொடாமலே 10 குறைஞ்சிரும். அது போதலைன்னா மட்டும் வெட்டு. ஒரே தடவையில 20 எடுக்காதீங்க. 5 எடுத்து நூறு தட்டு சுடுங்க, பிறகு அடுத்த 5. வெட்டின மரம் மறுபடி முளைக்காது. வெட்டும்போது அடியோட சாய்வு மாறக் கூடாது: ரிப்புக்கு 90 டிகிரியை விட அடிமுனை கொஞ்சம் உள்ள இருக்கும். அதைத் தப்பா வெட்டினா கட்டையோட கீழ்முனை நெஞ்சைக் குத்தும், இல்ல அடி தோள்ல இருந்து வழுக்கும். தச்சர்கிட்ட குடுத்தா ரம்பம் ஓடுற இடத்துல டேப் சுத்திக் கோடு போட்டுக் குடுங்க, இல்லாட்டா பாலிஷ் பேந்துரும்.

நீளம் சரியான பிறகு உயரம். வலது கண்ணு ஆட்சிக் கண்ணா (குறி பாக்கும்போது முந்தி நிக்கிற கண்ணா) பாத்துக்கிடுங்க. இடது கண்ணு ஆட்சி பண்ணினா எந்தக் கட்டையும் சரியா வராது. கண்ணை மூடித் தோள்ல வைங்க, திறங்க. ரிப்பு முழுசும் தெரிஞ்சா கட்டை உயரம், ரிப்பே மறைஞ்சு நெம்புகோல் மட்டும் தெரிஞ்சா தாழ்வு. டிராப் தட்டு மேல ஏறிக்கிட்டே போகுறதால ரிப்பு கொஞ்சம் தெரியுறது நல்லது. பிறகு 14.6 மீட்டர்ல காகிதத்துல ஒரு புள்ளி வச்சு, குறி பாக்காம தூக்கினதும் சுடுங்க, அஞ்சாறு தடவை. ரவைக் கூட்டத்தோட நடு புள்ளியை விட எத்தனை மி.மீ. விலகியிருக்கோ அதை 16-ஆல வகுத்தா கட்டையில அத்தனை மி.மீ. மாற்றம் வேணும். 48 மி.மீ. கீழ விழுந்தா கன்னக்கட்டை 3 மி.மீ. உயரணும்; மேல நாடா ஒட்டியே அதைப் பாத்துரலாம், தச்சர் வேண்டாம்.

மார்த்தாண்டம்_மேற்கு

இப்போ பாத்தேன் அண்ணே, அட்டை கனம் 23 மி.மீ. மூணரை விரல் இடைவெளி இருக்கு.

வேளிமலை

அப்போ 12 மி.மீ. அட்டை வாங்கி மாட்டுங்க. 364 வரும். பழைய அட்டையைத் தூரப் போடாதீங்க, திருகு ஓட்டை அளவுக்கு அது வேணும்.